கொல்லு வேலை பழக ஆசையா? முதலில் நிறம் பார்க்கப் பழகுங்கள்

"வேறு தொழில் பார்க்கிறேன். ஓய்வு நாட்களில் இரும்படிக்கப் பழக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வீட்டுக்குப் பின்புறம் கொஞ்சம் திறந்த இடம் இருக்கிறது. உலை, பட்டடை எதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரும் இல்லை. முதலில் எதை வாங்குவது? ஒரு கத்தி செய்வதில் தொடங்கலாமா?" இதுதான் உங்கள் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கத்தி இப்போதைக்கு வேண்டாம். அந்த ஆசையில் குறை எதுவும் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலரை இழுத்து வருவது கத்திதான். ஆனால் கத்தி செய்வது நான்கு பாடங்களுக்கு ஒரே நாளில் தேர்வு எழுதுவது போன்றது. கையில் இருப்பது எந்த எஃகு என்று தெரிய வேண்டும். மெல்லிய அலகை எரித்துவிடாமல் காய்ச்சத் தெரிய வேண்டும். இருபுறமும் சமமாக அடிக்கத் தெரிய வேண்டும். முடிவில் தோய்ச்சல் போட்டு, அதாவது சிவந்த எஃகை எண்ணெயில் சட்டென்று அமிழ்த்திக் கடினமாக்கி, பதப்படுத்தத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு ஒரு கத்தி கைக்கு வரும். எங்கே தவறினோம் என்பதும் விளங்காது. ஒரு கொக்கியோ தன் தவறுகளை எல்லாம் வெளியே காட்டிவிடும். கூர் கோணியிருந்தால் தெரியும், வளைவு உடைந்திருந்தால் தெரியும், அதிகம் காய்ந்து கரடுதட்டியிருந்தால் தெரியும். அடுத்த கொக்கியில் திருத்திக்கொள்ளலாம். ஒரே கொக்கியை முப்பது முறை செய்தவர் ஒரு கத்தியை மூன்று முறை செய்தவரைவிட அதிகம் கற்றிருப்பார் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் எதை வாங்குவது என்றால், பெரிதாக எதுவும் வேண்டாம். காய்ச்ச ஒரு நெருப்பு, பட்டடையாகத் தாங்க ஒரு கனமான எஃகுத் துண்டு, ஒரு சுத்தியல், ஒரு நீளமான கம்பி, கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவு இருந்தால் போதும். உண்மையில் நீங்கள் சேர்க்க வேண்டிய பொருள் கடையில் இல்லை. இரும்பின் நிறத்தைப் பார்த்து அதன் சூட்டை அறியும் பழக்கம்தான் அது. சுத்தியல் வீச்சு கைக்கு வர சில வாரங்கள் ஆகும், நிறம் கண்ணுக்கு வர அதைவிட நாளாகும். ஆகவே அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரும்பு ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை எந்த ஒளியும் விடாது. அதன்பிறகு இருட்டில் மட்டும் தெரிகிற மங்கிய சிவப்பு வரும். 700 டிகிரி வாக்கில் அடர்சிவப்பு. 800-ஐ ஒட்டித் தெளிந்த சிவப்பு. 950-க்கு ஆரஞ்சு. 1,100-ஐத் தாண்டினால் மஞ்சள். 1,300-ஐ நெருங்கும்போது மஞ்சள் வெளுத்து வெண்மையாகும். மத்தாப்பு போலப் பொறிகள் சீறும். அந்தப் பொறிகளைப் பார்த்து மகிழ வேண்டாம், உங்கள் இரும்பு எரிந்துகொண்டிருக்கிறது. எரிந்த பகுதி உள்ளேயே உதிர்ந்துபோயிருக்கும். அதை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. சாதாரண மென் எஃகுக் கம்பியை மஞ்சள் கலந்த ஆரஞ்சில் எடுத்து, அடர்சிவப்புக்கு இறங்கியதும் அடியை நிறுத்தி, மீண்டும் நெருப்பில் வைக்க வேண்டும். "இன்னும் நான்கு அடி அடித்துவிடலாம்" என்கிற எண்ணம் வரும் பாருங்கள், அந்த நான்கு அடிகள்தான் முழங்கையைக் கெடுக்கும், இரும்பிலும் விரிசல் விடும். காய்ந்த இரும்பு களிமண்போல நகரும். ஆறிய இரும்பு நகராது; அடியின் விசை உங்கள் கைக்கே திரும்பி வரும்.

மேலே சொன்ன எண்கள் எல்லாம் நிழலில் பார்க்கும் கண்ணுக்குத்தான் பொருந்தும். நேர்வெயிலில் 650 டிகிரியில் இருக்கும் இரும்பு கருப்பாகவே தெரியும். வெயிலில் "நல்ல சிவப்பு" என்று நினைத்தது நிழலில் மஞ்சளாக இருக்கும். வெயிலில் வேலை செய்கிற புதியவர்கள் இரும்பை எரித்துக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே உலையை மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். வெளிச்சம் நாள்தோறும் ஒரே மாதிரி இருந்தால் கண் விரைவில் பழகும். மூடிய அறைக்குள் மட்டும் ஒருபோதும் நெருப்பு மூட்டாதீர்கள். மரக்கரி, நிலக்கரி, எரிவாயு எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தெரியும்போது காலம் கடந்திருக்கும். பாதி அடைத்த கொட்டகையாக இருந்தால் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.

இனி உலை. முதல் உலைக்கு ஒரு பெட்டியும் மண்ணும் போதும். உறுதியான பெட்டி ஒன்றில் களிமண்ணும் மணலும் கலந்து நிரப்பி, நடுவே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி விடுங்கள். ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இரும்புக் குழாயை ஒரு பக்கத்திலிருந்து செலுத்தி, குழியின் அடியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் திறக்கும்படி அமையுங்கள். குழாய் துத்தநாகம் பூசாததாக இருக்க வேண்டும். மண் நன்றாக உலர்ந்த பிறகே பெரிய நெருப்பு மூட்ட வேண்டும். ஈரம் உள்ளே இருந்தால் ஆவியாகி மண்ணைத் தெறிக்கவிடும். காற்றுக்குப் பழைய துருத்தி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால், சூடேற்றாமல் காற்றை மட்டும் ஊதும்படி வைத்த ஹேர் டிரையர் ஒன்றே போதும். அதைக் குழாயோடு ஒட்டி இறுக்காமல், இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். அதை முன்னும் பின்னும் நகர்த்திக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: காற்று நின்றிருக்கும்போது எரியக்கூடிய வாயு குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து தேங்கி, மறுபடி காற்று விடும்போது வெடிக்கலாம். நிலக்கரி உலையில் இது நிஜமான அபாயம். இடைவெளி விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும்.

எரிபொருளில் என் விருப்பம் மரக்கரிதான். அதிலும் கட்டி கட்டியாக இருக்கும் இயற்கையான கரி. மாவு கலந்து அழுத்திச் செய்த கரிவில்லைகள் சாம்பலை நிறைய விடும், அதிகச் சூடும் தராது. நிலக்கரி மலிவாகவும் நெடுநேரமும் எரியும், ஆனால் தொடக்கத்தில் அது விடும் மஞ்சள் புகையை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அது கல்கரியாக, அதாவது புகை நீங்கிய கரியாக, மாறிய பிறகுதான் நெருப்பு தெளியும். அதோடு சாம்பல் உருகி அடியில் கட்டியாகச் சேரும் கிட்டத்தை அவ்வப்போது எடுத்துப் போட வேண்டும். எரிவாயு உலை வசதியானது, புகை இல்லாதது, இரும்பை எரிப்பதும் அதில் கடினம். ஆனால் அதன் உட்புறம் போர்த்தும் பீங்கான் பஞ்சின் இழைகள் நுரையீரலுக்குத் தீங்கு செய்பவை. மேலே சூடு தாங்கும் தீக்களிம்பு பூசி மூடாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. காலியான எரிவாயு உருளையை வெட்டி உலை செய்யும் யோசனை உங்கள் காதுக்கும் வரும். உள்ளே மிச்சமிருக்கும் வாயு வெட்டும் பொறியிலேயே வெடித்துவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கரி நெருப்பில் எங்கே வைப்பது என்பது ஒரு தனிக்கலை. நான் தொடங்கியபோது காற்றை முழு வேகத்தில் விட்டு, கம்பியைக் குழாய் வாய்க்கு நேராகக் குத்தி வைப்பேன். நுனி பொறி விட்டுக்கொண்டிருக்கும், இரண்டு விரல் தள்ளி இரும்பு கருப்பாகவே இருக்கும். குழாய் வாயில் ஆக்சிஜன் மிகுதி. அங்கே இரும்பு காய்வதைவிடச் செதிலாக உதிர்வதே அதிகம். கரியைக் குவித்து, குழாய்க்கு மேலே ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் கம்பியைப் படுக்கையாக வையுங்கள். அதற்குக் கீழும் கரி இருக்க வேண்டும், மேலும் கரி மூடியிருக்க வேண்டும். மரக்கரிக்கு மெல்லிய காற்றே போதும். கம்பியின் நிறம் அதைச் சுற்றியுள்ள கரியின் நிறத்தோடு ஒன்றிப் பிரித்தறிய முடியாமல் போனால், அது எடுக்க வேண்டிய நேரம். எடுத்ததும் காற்றை நிறுத்திவிடுங்கள். நீங்கள் பட்டடையில் இருக்கும்போது நெருப்பு வீணாக எரிய வேண்டியதில்லை.

பட்டடைக்கு வருவோம். பெரும்பாலோர் இங்கேதான் மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். ஒரு முனை கொம்புபோலக் கூம்பி நீண்ட அழகான பட்டடை கிடைக்கும்வரை தொடங்க முடியாது என்று நினைக்கிறார்கள். ஜப்பானிய வாள் கொல்லர்கள் கொம்பே இல்லாத சதுரமான எஃகுக் கட்டியில்தான் வேலை செய்கிறார்கள். அதற்கும் முன்னால் கல்லின் மேல் இரும்படித்த காலம் ஒன்று உண்டு. உங்களுக்குத் தேவை அடிக்கு நேர்கீழே கனமான எஃகு இருப்பது மட்டும்தான். பழைய இரும்புக் கடையில் தடித்த தண்டோ கட்டியோ கிடைத்தால் போதும். முறைப்படி பழைய இரும்பாக விற்கப்பட்ட தண்டவாளத் துண்டு கிடைத்தால், அதைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்தால் நடுவே இருக்கும் மெல்லிய பகுதி அடியை உறிஞ்சித் துள்ளும். நிறுத்தினால் அதன் முழு எடையும் அடிக்குக் கீழே வந்துவிடும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 40 சென்டிமீட்டர் நீளம் என்றால் 24 கிலோ. ஒரு கிலோ சுத்தியலோடு பழக இது போதும். பெரிய சம்மட்டியின் தலையை மரக்கட்டையில் பாதி புதைத்து வைத்துத் தொடங்கியவர்களும் உண்டு.

விற்பனைக்கு வரும் பட்டடையைச் சோதிக்க ஒரு சிறிய எஃகுக் குண்டு போதும். 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். நல்ல எஃகு முகமாக இருந்தால் முக்கால் உயரத்துக்குக் குறையாமல் திரும்பி எழும். மலிவான வார்ப்பிரும்புப் பட்டடையில் செத்ததுபோல விழுந்து கிடக்கும். அதில் ஓங்கி அடித்தால் விளிம்பும் உடையும். உயரமும் முக்கியம். கையைத் தொங்கவிட்டு நின்றால் பட்டடையின் முகம் மணிக்கட்டுக்கும் விரல் முட்டிக்கும் இடையே வர வேண்டும். துல்லியமாக அறிய, அதன் மேல் ஒரு மரப்பலகையை வைத்து வழக்கம்போல அடியுங்கள். சுத்தியல் பதித்த தடம் முழு வட்டமாக இருந்தால் உயரம் சரி. உங்கள் பக்கம் மட்டும் பிறையாக அழுந்தியிருந்தால் பட்டடை உயரம் அதிகம். எதிர்ப்பக்கம் அழுந்தியிருந்தால் தாழ்வு. பட்டடையின் இடுப்பில் கனத்த சங்கிலியைச் சுற்றினால் கணீர் ஒலி பாதியாகும். அப்போதும் காதுக்கு அடைப்பான் தேவை. கேட்கும் திறன் போவது உடனே தெரியாது, போனால் திரும்பாது.

சுத்தியல் 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை இருக்கட்டும். இதில் மட்டும் அளவு மீற வேண்டாம். கனமான சுத்தியலை நீங்கள் ஆள்வதற்குள் அது உங்கள் தசைநாரை ஆண்டுவிடும். வாங்கியதும் அதன் முகத்தின் கூர்விளிம்புகளை அராவி உருட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் இரும்பில் பிறைத்தழும்பு விடும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முதல் இரண்டு மாதம் நான் இறுக்கித்தான் பிடித்தேன். அதற்கு விலையாக ஒரு கோப்பையைத் தூக்கினால்கூட முழங்கை வலித்தது. ஆறு வாரம் ஓய்வு எடுக்க வேண்டியதாயிற்று. அடி விழும் கணத்தில் விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். பட்டடை திருப்பித் தரும் துள்ளலில் சுத்தியல் தானாகப் பாதித் தூரம் எழும். மீதியைத் தோளால் தூக்குங்கள். சுத்தியல் பிடிக்கும் கையில் உறையும் வேண்டாம். உறை வழுக்கும், வழுக்குவதால் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். வெறும் பட்டடையில் சுத்தியலால் அடிக்கவும் கூடாது. கடினமான இரண்டு எஃகுகள் மோதினால் ஒன்றிலிருந்து சில்லு பறக்கும்.

பாதுகாப்பைத் தனி அத்தியாயமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை, ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பழுத்த இரும்பு யாரையும் அவ்வளவாகச் சுடுவதில்லை. அது சிவந்து நின்று எச்சரிக்கிறது. சுடுவது கருப்பு இரும்பு. 400 டிகிரியில் இருக்கும் கம்பி பார்வைக்குக் கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல இருக்கும். பட்டடைக்கு அருகில் கிடக்கும் எதையும் எடுக்கும் முன் புறங்கையைச் சற்றுத் தள்ளி வைத்து வெப்பம் அடிக்கிறதா என்று பாருங்கள். சூடான துண்டுகளைப் போட ஓரிடம் ஒதுக்குங்கள். சிமென்ட் தரையில் போடாதீர்கள், சூட்டில் அது சில்லு சில்லாகத் தெறிக்கும். உடை பருத்தியாக இருக்கட்டும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தோல் காலணி, கால்சட்டை அதன் வாய்க்கு வெளியே விழும்படி. இரு முனையும் அடைபட்ட குழாயையோ உள்ளீடற்ற உருண்டையையோ நெருப்பில் வைக்காதீர்கள், வெடிக்கும். வாளி நிறையத் தண்ணீரும் ஒரு தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

பழைய இரும்பைப் பொறுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பூச்சு உள்ளது எதுவும் உலைக்குள் போகக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்; அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பளபளக்கும் குரோம் முலாமும், சில திருகாணிகளில் இருக்கும் காட்மியம் பூச்சும் அதைவிடக் கொடியவை. காட்மியம் புகை உயிரையே எடுக்கும். என்ன பூச்சு என்று தெரியாவிட்டால் எறிந்துவிடுங்கள்.

கம்பிக்கு மென் எஃகு என்று கேட்டு வாங்குங்கள். கால் விழுக்காட்டுக்கும் குறைவான கார்பன் உள்ள எஃகு அது. எவ்வளவு காய்ச்சி ஆறவிட்டாலும் உடையும் அளவுக்குக் கடினமாகாது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பழைய குறிப்புகளில் தேனிரும்பு என்கிற, கார்பன் மிகக் குறைந்த பழைய வகை இரும்பு பற்றிய பேச்சு நிறைய வரும். 1856-இல் ஹென்றி பெஸ்ஸெமர் எஃகு உருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்று, எஃகு மலியத் தொடங்கிய பிறகு தேனிரும்பு மெல்ல மறைந்தது. இன்று அதைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அந்தக் குறிப்புகளில் "வெண்சூட்டில் அடி" என்று இருப்பதை உங்கள் கம்பிக்கு அப்படியே பொருத்தாதீர்கள். நார்நாரான தேனிரும்பு தாங்கிய சூட்டை இன்றைய எஃகு தாங்காது.

பத்து அல்லது பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி, அறுபது எழுபது சென்டிமீட்டர் நீளம். இந்த நீளத்துக்குக் காரணம் உண்டு: மறுமுனையைக் கையாலேயே பிடிக்கலாம், குறடு தேவைப்படாது. பொருந்தாத குறட்டில் பிடித்த சிறு துண்டு அடிக்கும்போது எகிறிப் பறக்கும். முதல் சில வாரங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

முதல் நாள் வேலை கூர் இழுப்பது மட்டும். நுனியை ஆரஞ்சுக்குக் காய்ச்சி, பட்டடையின் தொலைவிளிம்புக்கு அருகில் சற்றுச் சாய்த்து வைத்து, சுத்தியலையும் அதே அளவு சாய்த்து அடியுங்கள். இரண்டு அடி, கம்பியைக் கால் வட்டம் திருப்பு, இரண்டு அடி, மறுபடி பழைய பக்கம். இப்படிச் சதுரமாகவே கூராக்க வேண்டும். வட்டக் கம்பியை வட்டமாகவே கூராக்க எல்லாருக்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால் மேற்பரப்பு மட்டும் முன்னே நீண்டு, நடு பின்தங்கி, நுனி மீன்வாய் போலப் பிளந்துகொள்ளும். முதலில் சதுரம், பிறகு மூலைகளைத் தட்டி எண்கோணம், கடைசியில் வட்டம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. நுனியிலிருந்து குட்டையான கூரைத் தொடங்கிப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே வாருங்கள். சரியாகக் கால் திருப்பாமல் அடித்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். உடனே நிறுத்தி, நீண்ட மூலைகள் இரண்டையும் மேலும் கீழுமாக நிறுத்தி, நல்ல சூட்டில் தட்டினால் நேராகும். தட்டையாக அடித்துத் திருத்தப் பார்த்தால் இன்னும் சாயும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பத்து மில்லிமீட்டர் சதுரக் கம்பியில் 90 மில்லிமீட்டர் நீளக் கூர் வேண்டும். எவ்வளவு கம்பியைக் காய்ச்சுவது? 30 மில்லிமீட்டர். சதுரக் கூம்பகத்தின் கன அளவு அதே அடியும் உயரமும் உள்ள நேர்ப்பட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று பள்ளியில் படித்தது இங்கே கைகொடுக்கிறது. செதிலாக உதிர்வது போகக் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளலாம். இரும்பு எங்கும் போய்விடுவதில்லை. ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் கூடுகிறது. பத்து சதுரத்தை ஐந்து சதுரமாக்கினால் நீளம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கு மனத்தில் ஊறிவிட்டால், எந்த உருவத்தைப் பார்த்தாலும் அது எவ்வளவு கம்பியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். நெருப்பு மூட்ட முடியாத நாட்களில் பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை எடுத்துச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். காய்ந்த இரும்பும் ஏறக்குறைய அப்படியேதான் நகரும். மீன்வாயும் சாய்சதுரமும்கூட அதில் வரும்.

கூர் கைவந்ததும் நுனியைப் பட்டடை விளிம்பில் மெல்லச் சுருட்டுங்கள், பிறகு கொம்பிலோ ஒரு தடித்த குழாயிலோ பெரிய வளைவைக் கொடுங்கள். வளைக்கும்போது இரும்பைப் பட்டடையோடு நசுக்கக் கூடாது. தாங்கும் இடத்துக்கு அப்பால், வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் தட்டினால்தான் வளையும். அளவு பார்த்து உளி வைத்து முக்கால் பங்கு வெட்டி, மீதியை விளிம்பில் வைத்து ஒடித்துவிடுங்கள். உளி முழுவதும் இறங்கிப் பட்டடை முகத்தைத் தொட்டால் இரண்டும் கெடும். இன்னும் சூடு இருக்கும்போதே கம்பி பிரஷால் செதிலைத் தேய்த்து, கை பொறுக்காத, ஆனால் மெழுகு தீப்பற்றாத சூட்டில் தேன்மெழுகைத் தடவினால் அழகான கருமை வரும். இது உங்கள் முதல் கொக்கி. அதைப்போல இன்னொன்று செய்து இரண்டையும் அருகருகே தொங்கவிடுங்கள். ஒன்றுபோல இன்னொன்று வருவதுதான் கடினம், அதில்தான் கற்பதும் இருக்கிறது.

அடுத்து முறுக்கு, துளை. முறுக்குவதற்குச் சதுரக் கம்பியை ஒரே சீராக ஆரஞ்சுக்குக் காய்ச்ச வேண்டும். சூடு குறைந்த இடம் முறுக்காது. அதிகச் சூடான இடம் நெருக்கமாக முறுக்கிக்கொள்ளும். எங்கே நிறம் ஏறியிருந்தது, எங்கே இறங்கியிருந்தது என்பதை முறுக்கு அப்படியே எழுதிக் காட்டிவிடும். துளையிடும்போது இன்னும் அழகாக இருக்கும். துளையிடும் உளியை மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, அடியில் கெட்டி தட்டும்வரை இறக்குங்கள். பிறகு கம்பியைத் திருப்பிப் பார்த்தால், சிவந்த பரப்பில் ஒரு கருத்த வட்டம் தெரியும். உளிக்கும் பட்டடைக்கும் இடையே நசுங்கிய இரும்பு விரைவில் ஆறியதால் வந்த நிழல் அது. அந்த வட்டத்தின் மேல் உளியை வைத்து, கீழே ஒரு துவாரம் இருக்கும் இடத்தில் ஓர் அடி. வில்லை ஒன்று கழன்று விழும். சுற்றியுள்ள இரும்பு வெட்டுப்படாமல் விலகி வழிவிட்டிருக்கும். அதனால்தான் இந்தத் துளை துளைக்கருவியில் போட்டதைவிட வலுவானது.

அருகில் கொல்லர் யாராவது இருந்தால் ஒரு நாள் அவர் அருகில் நின்று பாருங்கள். சுத்தியலைப் பார்க்க வேண்டாம். எப்போது நெருப்பிலிருந்து எடுக்கிறார், எப்போது திருப்பி வைக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு நாள் வகுப்பு கிடைத்தாலும் தவறவிடாதீர்கள். மூன்று மாதத் தவறான பழக்கத்தை ஒரு மணி நேரத்தில் ஒருவர் திருத்திவிட முடியும்.

கொக்கிகள் அலுத்துப்போகிற காலத்தில் முதல் கருவியைச் செய்யலாம்: ஓர் உளி. கத்திக்கு வேண்டிய பாடம் முழுவதும் இதில் இருக்கிறது, ஆனால் தடித்த இரும்பு என்பதால் மன்னிக்கும் குணம் உண்டு. பழைய வாகனச் சுருள் ஸ்பிரிங் எடுத்துக்கொள்ளலாம்; அவற்றில் பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கு மேல் கார்பன் இருக்கும். என்ன எஃகு என்று உறுதியாகத் தெரியாததால் முதலில் ஒரு சிறு துண்டைக் காய்ச்சித் தோய்த்து, அரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் கண்ணாடி மேல் போவதுபோல வழுக்கினால் கடினமாகும் எஃகுதான். இதை மென் எஃகுபோல மஞ்சள் வரை காய்ச்சக் கூடாது. ஆரஞ்சோடு நிறுத்துங்கள், சிவப்பு மங்கும் முன் அடியை நிறுத்துங்கள். உருவம் வந்ததும் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்தால் உள்ளே இருக்கும் இறுக்கம் தளரும்.

தோய்ச்சலுக்கு எந்தச் சிவப்பு? இங்கே கண்ணுக்குத் துணையாக ஒரு காந்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். ஒட்டாமல் போன நிறத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குச் சற்றே மேலே போய், வெதுவெதுப்பான தாவர எண்ணெயில் நுனி இரண்டு சென்டிமீட்டரை மட்டும் அமிழ்த்தி, ஒரே கோட்டில் நிற்காமல் மேலும் கீழும் அசையுங்கள். தண்ணீரில் தோய்த்தால் இந்த எஃகு விரிசல் விடக்கூடும். எண்ணெய் மேலே தீப்பற்றும் என்பதை எதிர்பார்த்தே நில்லுங்கள்: திறந்தவெளி, உலோகப் பாத்திரம், பக்கத்தில் அதன் மூடி, நீண்ட குறடு. அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் அணையுங்கள்.

நுனி ஆறியதும் வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துடைத்து, சாணைக்கல் துண்டால் ஒரு பக்கத்தை விரைவாகத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். உளியின் உடலில் இன்னும் சூடு இருக்கிறது. அது மெல்ல நுனியை நோக்கி நகரும். தேய்த்த பரப்பில் நிறங்களும் அதோடு சேர்ந்து நகரும். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், ஏறக்குறைய 220 டிகிரி. பிறகு பழுப்பு. 280 வாக்கில் கத்தரிப்பூ நிறம். அதைத் தொடர்ந்து நீலம். இவை நெருப்பின் நிறங்கள் அல்ல. மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறங்கள். நல்ல வெளிச்சத்தில்தான் தெரியும். கத்தரிப்பூ நிறம் நீலத்தைத் தொடுகிற தறுவாயில் வெட்டுமுனையை வந்தடையும்போது உளியை முழுவதுமாக எண்ணெயில் போட்டு நிறுத்துங்கள். சுத்தியல் அடி வாங்கும் தலைப்பக்கத்தைத் தோய்க்காமல் மென்மையாகவே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அது சில்லு சில்லாகத் தெறிக்கும்.

அடுத்த வாரம் புதுக் கம்பியை வெட்டும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்த உளியை எடுங்கள். முனை மழுங்கி மடங்கினால் நீலம் அதிகம் ஓடிவிட்டது. சில்லு பெயர்ந்தால் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிட்டீர்கள். எதுவானாலும் முனையை மறுபடி காய்ச்சி, அடித்து, தோய்த்துக்கொள்ளலாம். அரை மணி நேர வேலைதான்.